வாசல் நிலையைப் பிடித்து நின்ற முதுகுகள்

“காலால ஒதச்சாலே சரியாப் போற இடுப்புக்குக் காலேஜ் எதுக்குடி?”

பிசியோதெரபி படிக்க எனக்கு இடம் கிடைத்த அன்று அத்தை கேட்டது இது. அப்பாவின் அக்கா, பக்கத்து வீடு. கேலியாகத்தான் கேட்டாள். ஆனாலும் அவளுக்கு நிஜமாகவே சந்தேகம் இருந்தது. அதில் தப்பும் இல்லை. அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் தெருவுக்கு இடுப்பு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்ததே நான்தான், அதுவும் பேச்சு சரியாக வராத வயதிலிருந்து.

நான் கால் மாறிப் பிறந்தவள். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்த குழந்தை. அப்படிப் பிறந்தவர்களின் கால் பட்டால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. காலையில் முகம் கழுவுவதற்கு முன்பே நடக்க வேண்டிய காரியம். வலி உள்ளவர் எங்கள் வீட்டு வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பார். உள்ளேயிருந்து அப்பா என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வருவார். கண்ணைத் திறக்காமலே நான் தொங்கிக்கொண்டிருப்பேன். என் இடது பாதத்தை வலிக்கிற இடத்தில் மூன்று தடவை வைத்து எடுப்பார். உதை என்று பெயரே தவிர உதை ஒன்றும் கிடையாது, பூனை மிதித்துப் போன மாதிரி இருக்கும் என்பார்கள். அதற்கப்புறம் அவர் திரும்பிப் பார்க்காமல் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரை நடக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் பிடிப்பும் திரும்பி வந்துவிடும். இந்தச் சட்டத்துக்கெல்லாம் அத்தைதான் காவல்.

“திரும்பாத, திரும்பாத. பின்னாடி இன்னா இருக்குது பாக்கறதுக்கு? நட.”

எனக்குக் கூலி ஒரு வாழைப்பழமோ பொரி உருண்டையோ. அதைத் தின்றுகொண்டே பள்ளிக்கூடம் போவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா ஆட்டோ ஓட்டுபவர். பஸ் போர்டில் இருக்கும் ஊர்ப் பெயர்களை நிறத்தையும் எழுத்தின் நீளத்தையும் வைத்தே கண்டுபிடிப்பார். அம்மாவுக்கு அதுவும் தெரியாது.

இப்போது யோசித்தால், முதுகு என்றால் என்ன என்பதை நான் முதலில் படித்தது பாதத்தால்தான். மூட்டை தூக்குகிறவரின் முதுகு பலகை மாதிரி இருக்கும். கரும்புக் கொல்லைக்குப் போய்வரும் பெண்களின் முதுகில் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருக்கும். டவுனிலிருந்து தையல்கார பாய் ஒருவர் ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். அவர் முதுகில் கால் வைத்தால் உள்ளே மெஷின் ஓடுகிற மாதிரி மெல்லிய நடுக்கம் தெரியும். நான் வயதுக்கு வந்ததும் ஆண்களுக்குக் கால் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் மட்டும் வந்துகொண்டிருந்தார்கள், நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை.

ஊரில் இத்தனை முதுகுகளைப் பார்த்த என் கால், அம்மாவின் முதுகை மட்டும் பார்த்ததில்லை. பெற்றவள் மேல் பிள்ளையின் கால் படக் கூடாது. தூக்கத்தில் தெரியாமல் பட்டுவிட்டால்கூட எழுந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கும் இடுப்பு வலி உண்டு. கிரிவலப் பாதையில் டிபன் கடை போட்டிருந்தாள். இட்லிக் குண்டான், மாவு அண்டா, தண்ணீர்க் குடம் எல்லாம் தரையில். நாள் முழுக்கக் குனிவதும் நிமிர்வதும்தான். பௌர்ணமி என்றால் சொல்லவே வேண்டாம், முந்தின நாளே ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். தெருவில் எல்லாரும் என்னிடம் வரும்போது அவள் மட்டும் அந்தச் சுவரிடம் போனாள்.

அந்தக் கடைதான் என்னைப் படிக்க வைத்தது. ஹாஸ்டலிலிருந்து நான் பேசும்போதெல்லாம் பின்னால் கடைச் சத்தம் கேட்கும். கரண்டி கல்லில் தட்டுகிற ஒலியை வைத்தே அன்று கூட்டம் ஜாஸ்தியா கம்மியா என்று சொல்லிவிடுவேன்.

படிப்பின் கடைசி ஆறு மாதம் வேலூரில் பயிற்சியில் இருந்தபோது அந்த ஒலி நின்றுபோனது. “அம்மா தூங்குது” என்றார் அப்பா. அடுத்த வாரமும் தூங்குது என்றார். பயிற்சி முடிந்து பெட்டியோடு வந்து இறங்கியபோது, கடையில் கிராக்கிகள் உட்காரும் மர பெஞ்ச் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. அதன் மேல் அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். தலைக்குத் தலையணைகூட இல்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாவு அண்டாவைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, “வயசுக்கு ஏத்த தேய்மானம்தாம்மா, பயப்பட ஒண்ணும் இல்ல, படுத்தே இருக்காம நடமாடுங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பாதான் பிறகு இதை வார்த்தை மாறாமல் சொன்னார். அம்மாவின் காதில் விழுந்தது தேய்மானம் மட்டும்.

“தேஞ்சு போச்சாம் பாப்பா. தேஞ்ச வெளக்குமாத்த இன்னா பண்ணுவ? மூலைல போடுவ. என்ன இங்க போட்டிருக்குது.”

“ஆடாம அசையாம படுத்திருந்தா மிச்சம் இருக்கற எலும்பாவது தங்கும்” என்றாள் அத்தை.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவைச் சோதித்தேன். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பாதத்தில் பஞ்சை வைத்து, தெரிகிறதா என்று கேட்டேன். கட்டைவிரலை என் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னேன். மூத்திரம் போவதில் சிரமம் உண்டா, தொடையிடுக்கில் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். எதுவும் இல்லை. வேலூரில் இதே மாதிரி எத்தனையோ பேரைச் சோதித்திருக்கிறேன், அம்மாவுக்கு மட்டும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சோதித்தேன்.

“ஒண்ணும் இல்லம்மா. எழுந்து நடக்கலாம். நடந்தாத்தான் சரியாகும். தேய்மானம்ங்கறது முடி நரைக்கற மாதிரி. முடி நரைச்சா தலை வலிக்குதா இன்னா?”

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “முடியாது பாப்பா. கடைய அத்தைக்கிட்டயே குடுத்துடலாம்னு சொல்லிட்டேன்.”

அதுதான் என்னைக் கலங்கடித்தது. வலியால் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். பயத்தால் சொன்னாள். அந்தப் பாதையில் அவள் அடுப்பு எரிந்த இடம், இவ்வளவு வருஷமும் அவள் நின்று சம்பாதித்த பேர், எல்லாவற்றையும் ஒரு வார்த்தைக்குப் பயந்து கொடுத்துவிடப் பார்த்தாள்.

மூன்று நாள் பேசிப் பார்த்தேன். முழங்காலை மடித்து இடுப்பை லேசாகத் தூக்கச் சொன்னேன். “உள்ள ஒடையும்” என்றாள். பக்கவாட்டில் திரும்பச் சொன்னேன். “ஜவ்வு நழுவும்.” முதுகெலும்பைப் படம் போட்டுக் காட்டினேன். “எனக்கு எங்க புரியுது, நீ படிச்சவ” என்றாள். படிப்பை அவள் அப்படித் தள்ளி வைத்தது கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. நாலாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

“பாப்பா. நீ கால வையி.”

ஒத்தடத் துணியில் தவிட்டை முடிந்துகொண்டிருந்த அத்தையின் கை நின்றது. “பெத்தவ மேலயா? இன்னா பேசற நீ?”

“ஊருக்கெல்லாம் வச்ச காலு. எனக்கு மட்டும் இல்லியா? பாவம் வந்தா எனக்கு வரட்டும்.”

“அதுக்காம்மா நான் படிச்சேன்?” என்று கத்திவிட்டேன். பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். நாலரை வருஷப் படிப்பு, கடைசியில் கேட்பது என் காலைத்தான். வீம்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கியபோது அந்தக் காலைநேர முதுகுகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. நிலையைப் பிடித்து நின்றவர்கள், பிறகு தொட்டி வரை நடந்தவர்கள். என் கால் பட்டு எதுவும் நேரானதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வலியோடு குனிந்தபடியே வந்த ஒவ்வொருவரையும் எங்கள் தெரு எழுந்து நிற்க வைத்தது, தொட்டது, நட என்று சொன்னது, பின்னால் இருப்பதைப் பார்க்கவிடாமல் அனுப்பியது. வகுப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

உள்ளே போனேன். “வைக்கிறேம்மா. ஆனா சட்டம் சட்டம்தான். படுத்திருக்கறவங்களுக்கு எப்பவாவது வச்சிருக்கோமா? நிலையப் புடிச்சி நிக்கணும். அப்புறம் தொட்டி வரைக்கும் நடக்கணும்.”

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தைக்கு மறுக்க வழியில்லை, அவள் காவல் காத்த சட்டம். “ஆமா, அது அப்படித்தான்” என்றாள் முனகலாக.

முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தமாக ஒருபக்கம் சாய்ந்து, காலைக் கீழே விட்டுக்கொண்டே கையால் பெஞ்சை அழுத்தி எழுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அம்மா நின்று மூச்சுவிட்டாள். எழுந்தபோது அவள் என்னைவிட இத்தனை குள்ளமா என்று தோன்றியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். நான் அவள் பின்னால் போய் நின்றேன்.

கால் எழவில்லை. படிப்பும் தடுத்தது, வளர்ப்பும் தடுத்தது. மண்டி போட்டு என் உள்ளங்கையை அவள் இடுப்பில் வைத்தேன். மூன்று தடவை. சேலைக்கு உள்ளே கெட்டியாக இறுகிக் கிடந்த சதை, கை பட்டதும் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு அவள்தான் சொன்னாள், பழைய குரலில்: “திரும்பாத. நட.”

அம்மா நடந்தாள். தொட்டி வரை போய்விட்டாள் என்று எழுத ஆசைதான், ஆனால் நாலு வீடு தாண்டி கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் ஓடினேன். வியர்வை வழிந்த முகத்தோடு, “ஒடையல பாப்பா” என்றாள்.

அதற்குப் பின்னால் வந்த விடியல்களை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. இருட்டு பிரியும் முன்பே கூடத்தில் பாய் விரிப்போம். முதலில் மல்லாந்து படுத்து, அடிவயிற்றை இறுக்கி இடுப்பைத் தரையோடு அழுத்துவது. பிறகு ஒரு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது. பழகப் பழக இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பது மாதிரி முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்குவது. அதில்தான் அம்மாவுக்கு வெட்கம். அப்பா அந்தப் பக்கம் வந்தால் போதும், பொத்தென்று படுத்துவிடுவாள். “வயசான காலத்துல மாடு மாதிரி நிக்க வைக்கறாளே” என்று சிரிப்பாள். நான் எண்ணுவேன். அவள் என் எண்ணிக்கைக்கு நடுவே கடைக்கதை சொல்வாள், எனக்கு எண் மறந்துபோகும், “இன்னொரு தரம் செய்யணும்” என்பேன், “ஏமாத்தறடி” என்பாள். முடிந்ததும் நடை. கம்பம், அடுத்து தொட்டி, அதற்கப்புறம் பாதையில் கொஞ்சம். விடியலில் மலை ஈரத்துணி மாதிரி கருத்திருக்கும். அவ்வளவு நேரம் நானும் அம்மாவும் சேர்ந்து நடந்தது அதற்கு முன்னால் கிடையாது. கடை இருந்ததால் அவளுக்கு நேரமிருந்ததில்லை, படிப்பு இருந்ததால் எனக்கு.

எல்லாம் ஏறுமுகமாகவும் இல்லை. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் நிறை குடத்தைத் தூக்கிவிட்டாள். மறுநாள் மறுபடி பெஞ்ச். “எக்சைசு எக்சைசுனு ஆளயே முடிச்சிட்டா” என்று அத்தை தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மறுபடியும் சோதித்தேன். புதிதாக ஒன்றுமில்லை. வலி வந்தால் உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இன்றைக்குக் கொஞ்சம் கம்மியாகச் செய்யலாம், விடக்கூடாது என்றேன். சொன்னேனே தவிர, என் உள்ளே பயம்தான். அன்று சாயங்காலம் அம்மா தானாக ஒருபக்கம் சாய்ந்து, கையை ஊன்றி எழுந்து, நிலையைப் பிடித்து நின்றாள். கூப்பிடாமலே நான் பின்னால் போய் மண்டியிட்டேன்.

“உன் காலு ஐஸ் மாதிரி இருக்கும் பாப்பா, சின்ன வயசுலேந்து” என்றாள், தெருவைப் பார்த்தபடியே. “அன்னிக்கு வச்சது சூடா இருந்துச்சு. கையினு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுதான் நடந்தியா?”

“நீ இவ்ளோ பாடுபடறியேனு நடந்தேன்.”

அதற்குள் எனக்கு வேங்கிக்காலில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. கலெக்டர் ஆபீஸ் பக்கம். நாற்காலியிலேயே வாழ்கிறவர்களின் இடுப்புகள். “கரண்ட் மட்டும் வச்சி உடுங்கம்மா, எக்சைஸ்லாம் நமக்கு ஆவாது” என்பார்கள். கரண்ட் என்றால் ஒட்டு வைத்து லேசான மின்சாரம் பாய்ச்சும் கருவி. அது சிலருக்கு வலியைக் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே என் அம்மா கதையைச் சொல்வேன். அம்மாவின் பூனைக்கதையைக் கேட்டு ஒரு சூப்பிரண்டு அம்மாள் சிரித்துக்கொண்டே தரையில் இறங்கியது எனக்குப் பெரிய வெற்றி.

வேலை முடிந்து வந்து கடையை மாற்றினோம். அடுப்பை மேடை மேல் ஏற்றினோம். அண்டாவுக்குப் பதில் சின்னப் பாத்திரங்கள், அவையும் இடுப்பு உயரத்துக்கு. குடம் பாதிதான் நிறைய வேண்டும், உடம்போடு ஒட்டிப் பிடித்து முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். அத்தை எல்லாவற்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் பாதிக் குடம் சுமந்ததில் முதல் ஆள் அவள்தான்.

அடுத்த பௌர்ணமிக்கு அம்மா கடையில் நின்றாள். கூட்டம் தெரு கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரே நிலையில் ரொம்ப நேரம் நிற்காதே என்று சொல்லியிருந்தேன். அதனால் தோசை ஊற்றுகிற இடைவெளியில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் சாய்ந்து நிமிர்வாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த, பாதி வழியிலேயே இடுப்பு ஓய்ந்துபோன ஒரு அம்மாள், “இன்னாங்க அது பண்றீங்க?” என்று கேட்டாள்.

“இதா? எழுந்து நில்லுங்க சொல்றேன்” என்றாள் அம்மா, கையில் கரண்டியோடு. “என் பொண்ணு சொல்லிக் குடுத்தது. எங்க வீட்ல அது ஒண்ணுதான் படிச்சது. முட்டிய மடக்காதீங்க. பொறுமையா.”

அந்த அம்மாள் செய்தாள். அவளோடு வந்தவர்களும் செய்தார்கள். பாதை ஓரத்தில் ஐந்தாறு பேர் இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, போகிறவர்கள் இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தாங்களும் நின்று மேலே பார்த்தார்கள். நான் சட்னி வாளியை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அத்தை என்னை அதட்டினாள்.

இப்போது அம்மா தானாகவே செய்கிறாள். நான் எண்ண வேண்டியதில்லை. நான் எழும்போது பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் அந்தச் சுருட்டிய பாயைப் பார்க்கும்போது கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது.

போன மாதம் கடைக்குப் பக்கத்திலிருந்த ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்தேன். வேங்கிக்காலில் சாயங்காலம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். வெள்ளையடித்தாகிவிட்டது. சிகிச்சைக்கான கட்டில் வந்திறங்கியதும் அம்மா ஏறிப் படுத்து, பெஞ்சைவிட மெத்தென்று இருக்கிறது, இதில் படுத்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று குறை சொன்னாள். அத்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். இரண்டு கையும் தன்னால் நிலையைப் பிடித்திருந்தன. தனக்கும் ஒரு வாரமாக இடதுபக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி.

புது நிலை, வழவழவென்று இருந்தது. வயதானவர்களின் பிடி வழுக்கும். அதனால் கொத்தனாரை வரச் சொல்லி, வாசலின் இரண்டு பக்கமும் கைக்கு எட்டும் உயரத்தில் இரும்புக் கம்பி பதித்துவிட்டேன். அங்கே நின்று பார்த்தால் பாதை நேராகத் தெரியும். சிமெண்ட் நேற்றுக் காய்ந்துவிட்டது. இன்று காலை அத்தை அதைப் பிடித்துத்தான் நின்றாள்.